கால் பவுண்டு காப்பிப்பொடி

டப்பாவில் பொடி இருக்கும்போதே நான் காப்பிக் கடைக்குக் கிளம்புவதைப் பார்த்து என் மருமகள் சிரிக்கிறாள். மென்பொருள் கம்பெனிக்கு ஓடுகிற அவசரத்திலும், "போன வாரம்தானே மாமா வாங்கினீங்க?" என்று கேட்கத் தவறுவதில்லை. பழசானால் மணம் போய்விடும் என்கிறேன். என் மனைவி போன பிறகு சில சாயங்காலங்கள் கனக்கின்றன. கடைவரை நடந்து, கொட்டை வறுபடும் வாசனையில் பத்து நிமிடம் நின்றால் லேசாகிவிடுகிறது. வழியும் பொய்யும் என் சித்தியுடையவை.

வேலூரிலிருந்து அவள் எங்கள் மல்லேஸ்வரம் கூட்டுக்குடும்பத்துக்கு வாழ வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒருபோதும் கால் பவுண்டுக்கு மேல் பொடி வாங்க மாட்டாள். அதனால் வாரத்தில் இரண்டு முறை கடைக்குப் போக வேண்டியிருந்தது. தனியாக அனுப்ப மாட்டார்கள், துணைக்கு நான். கடையில் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். திரும்பும்போது கடைக்காரரின் கன்னடத்தை அவரைப் போலவே பேசிக் காட்டுவாள். காலையில் அழுத முகம் என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கோ கோலி ஆட்டம் கெட்டது. ஒருநாள் பொடி தீர்ந்துவிட்டது என்று அவள் கிளம்பியபோது டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடும்போது அதைச் சொன்னேன். வீட்டு நன்மைக்காகச் சொன்னதாகப் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, கோலிக்காகத்தான்.

"கடைக்காரன் உனக்கு அண்ணன் முறையா?" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள்.

அப்பா அன்பாகத்தான் சொன்னார்: "நீ எதுக்கும்மா அலையறே? மாசத்துக்கு ஒரு தடவை நானே வாங்கியாந்துடறேன்." கெட்டிக்காரன் என்று என் முதுகிலும் தட்டினார்.

அதன் பிறகு டப்பா எப்போதும் நிறைந்தே இருந்தது. ஒரு சாயங்காலம் தண்ணீர் குடிக்க ஓடி வந்தேன். சித்தி அடுப்படியில் டப்பாவைத் திறந்து முகத்தருகே பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கெட்டுப்போச்சா சித்தி?"

"இல்லடா. நல்லாத்தான் இருக்கு," என்று மூடியை அழுத்தினாள்.

நல்ல வேளை, கடைக்குப் போக வேண்டாம் என்று நிம்மதியாக ஆட்டத்துக்கு ஓடினேன்.