நிறம் விடாத பூஞ்சை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய தோல் பையில் பூத்திருந்த பூஞ்சைதான் என் பிஎச்.டி. ஆய்வு. லேபில் பிளேட் என்கிற மூடி போட்ட வட்டத் தட்டில் வளர்த்தபோது ரத்தச் சிவப்பாக நிறம் விட்டது. அந்த நிறம் பாலிகீட்டைடு என்கிற வகை வேதிப்பொருள். பூஞ்சைக்குள் ஒரே ஒரு என்சைம், இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துச் சங்கிலி செய்து, எங்கே நிறுத்துவது என்பதையும் தானே முடிவு செய்து, வளையமாக மடித்துவிடும். அது எப்படி என்று நான் கண்டுபிடித்துக் கிழிக்கப்போகிறேனாம்.

பிளேட் மாற்றி மாற்றி வளர்த்ததில் நிறம் போய்விட்டது. பஞ்சு மாதிரி வெறும் வெள்ளை. அந்த என்சைமைச் செய்யும் ஜீன் அப்படியே இருந்தது, வேலை செய்யத்தான் மறுத்தது. உணவை மாற்றினேன், வெளிச்சத்தை மாற்றினேன், ம்ஹூம். மாதக் கடைசிவரை பார்ப்போம், இல்லையென்றால் தலைப்பை மாற்றிவிடலாம் என்று என் கைடு சொல்லிவிட்டார். நான்கு வருட உழைப்பு அம்போ.

பொத்தேரியில் வாடகை அறை. கூட இருந்தவர்கள் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்குத்தான் போவேன். தனிமை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் வேலை என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை, பிளேட் ஒன்றில் பாக்டீரியா புகுந்திருந்தது. கெட்டுப்போனால் நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கொதிநீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போகிற பையில் போட்டுவிடுவோம். போட்டேன். பையைக் கட்ட வந்த லேப் அக்கா அதை வெளியே எடுத்தார்.

“இன்னாம்மா, இதுல ஓரமா செவப்பா கீது?”

பாக்டீரியா நெருங்கிய பக்கத்தில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு. தனியாக இருந்தவரை செய்யாததை, பக்கத்தில் ஒன்று வந்ததும் செய்திருக்கிறது. அடப்பாவி, இதற்குத்தானா இத்தனை ஆட்டம் என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பிளேட்டைத் தூக்கிக்கொண்டு கைடு அறைக்கு ஓடினேன்.

கைடு பார்த்துச் சிரித்தேவிட்டார். அந்த பாக்டீரியாவைப் பிரித்து அடையாளம் பார்த்தோம். மனித வாயில் இருக்கிற வகை. திறந்த பிளேட்டுக்கு மேல் பேசினாயா, கூட யார் இருந்தார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அப்புறம் யாரிடம் பேசினாய் என்றார். எனக்குப் பொய் ஒன்றும் வரவில்லை.

“பூஞ்சைகிட்டதான் சார். மாஸ்க் போட்டுக்கிட்டுதான் பேசுவேன், அன்னிக்கு மறந்துட்டேன்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா, சார்.”