வாயாடிப் படங்கள்

எனக்கு இங்கிலீஷ் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனாலும் அமெரிக்காக்காரர்கள் முப்பதுகளில் எடுத்த காதல் சிரிப்புப் படங்களில் பத்துப் பன்னிரண்டையாவது பார்த்திருக்கிறேன். அதுவும் திண்டுக்கல்லில், பெஞ்சு டிக்கெட்டில். சொன்னால் என் மகளே நம்ப மாட்டாள்.

அந்தப் படங்கள் எங்கள் ஊருக்கு வந்து சேர இருபது வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மட்டும் போடுவார்கள். பிலிம் தேய்ந்து, திரை முழுக்க மழை பெய்துகொண்டே இருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்ட். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கப்பலில் போகிற தோலுக்கெல்லாம் இங்கிலீஷில் கடிதம் அடிப்பார். சட்டையில் எப்போதும் தோல் நாற்றம் இருக்கும், வாயில் எப்போதும் சிரிப்பு இருக்கும். கல்யாணமான இரண்டாவது வாரமே, "வா புள்ள, இங்கிலீஷ் படம் பாப்போம்" என்று கூட்டிப்போனார். நான் ரெட்டியார்சத்திரம் பக்கத்து வெங்காயக் காட்டுக்காரர் மகள். வெங்காயத் தாள் அறுத்த கையோடு கல்யாணமாகி வந்தவள். எனக்கு என்ன புரியும் என்று அவர் யோசிக்கவே இல்லை.

பெஞ்சில் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். நடுவில் இடுப்புயரச் சுவர். காலைக் காட்சிக்குப் பெண்கள் யார் வருவார்கள்? பெண்கள் பக்கத்தில் நானும், டிக்கெட் கிழிக்கிற அம்மாளும்தான். அந்த அம்மாள் படம் ஆரம்பித்ததும் காலை நீட்டித் தூங்கிவிடுவாள். திரையில் ஒருத்தியும் ஒருத்தனும் மூச்சு விடாமல் பேசுவார்கள். கதவைச் சாத்துவார்கள், திறப்பார்கள், டெலிபோனைப் பிடுங்குவார்கள். அவள் அவனை ஒரு பேச்சு பேசுவாள். அவன் கோபப்படாமல் திருப்பி ஒன்று சொல்வான். சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டதும் நானும் சிரிப்பேன்.

படம் விட்டதும் மலைக்கோட்டை ஓரமாக வீட்டுக்கு நடப்போம். அப்போதுதான் எனக்குப் படமே ஆரம்பிக்கும். அவள் என்ன சொன்னாள், அவன் என்ன சொன்னான் என்று குரலை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வருவார். பாதி அவருடைய சொந்தச் சரக்கு என்று எனக்குச் சந்தேகம்தான். அமெரிக்காக்காரி எங்கேயாவது "ஒன் மூஞ்சிக்கு முருங்கக்கா சாம்பார் ஒண்ணுதான் கேடு" என்று சொல்வாளா? ஆனாலும் கதைகளெல்லாம் ஒரே மாதிரிதான். வாயாடிப் பெண் ஒருத்தி, அவளுக்குச் சளைக்காத ஆண் ஒருத்தன். சண்டை, கோபித்துக்கொண்டு போதல், ஏதோ ஒரு பொய்க்காரணம் சொல்லிக்கொண்டு அவன் தேடிவருதல், அவள் தெரியாதவள் போல நடித்தல், கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிடுதல். நான் அவற்றுக்கு வாயாடிப் படங்கள் என்று பேர் வைத்தேன்.

அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தவர் வாசலில் நின்றுகொண்டு, "ஏம்மா, இங்கிட்டு வாடகைக்கு எடம் கெடைக்குமா?" என்றார்.

"ஒத்த ஆளுக்கு விடுறதில்ல. கல்யாணமாயிருக்கணும்."

"ஆச்சும்மா. பொண்டாட்டி பெரிய வாயாடி. வெளிய தொரத்திட்டா."

"அப்படின்னா தப்பு ஒங்க மேலதான். வேற எடம் பாருங்க."

பிறந்த வீட்டில் அப்பா முன்னால் நான் நிமிர்ந்து நின்று பேசினதில்லை. என் வாயில் இம்புட்டுப் பேச்சு இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தினமும் ஒரு வேஷம். ஒருநாள் அவர் போஸ்ட்மேன், ஒருநாள் நான் முதலாளியம்மா, அவர் வேலைக்கு வந்தவர். அந்த ஒன்றரை வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்துவிட்டு வந்தோம். அவர் வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனார். நான் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரது?"

"நாந்தான்." குரல் கொஞ்சம் தயங்கியது. நடிக்கிறார் என்று நினைத்தேன்.

"நாந்தான்னா? அந்த ஆள நேத்தே தள்ளிவச்சாச்சு. துணிமணி வேணும்னா சன்னல் வழியா எறியிறேன், பொறக்கிட்டுப் போ."

சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்த அவருடைய அண்ணனும், என் மாமியாரும். மாமியார் கையில் முருங்கைக்காய்க் கட்டு. தெருமுனையில் பார்த்துச் சேர்ந்து வந்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "விளையாடுறா, அண்ணே" என்று சிரித்திருந்தால் முடிந்துபோயிருக்கும். அவரோ அண்ணன் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கழுதைக்கு எடங்குடுத்தா இப்படித்தான். உள்ள போடி" என்றார். அதற்கு முன் அவர் என்னை டி போட்டு விரட்டினதே கிடையாது. அண்ணன், "ஏனப்பா, ஊட்டுல இப்படித்தான் நடக்குதா?" என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மற்றவர்கள் முன்னால் புருஷன் அதட்டுவது உலகத்தில் நடக்காததா? நடக்கிறதுதான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியத்தை அவர் என் ஒருத்தி தலையில் கட்டினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் பஸ் ஏறி அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியைத் தேடிப் புருஷன் தனியாக வரமாட்டான். பெரியவர்களை அனுப்புவான். இல்லாவிட்டால் பெண் வீட்டார் கொண்டுபோய் விடவேண்டும். இவர் தனியாக வந்து என் அப்பாவிடம், "மொதலாளி வீட்டு விசேசத்துக்கு வெங்காயம் வேணுமாம் மாமா. அதான் வெசாரிக்க வந்தேன்" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு நெஞ்சு துள்ளியது. பொய்க்காரணம்! படத்தில் வருகிற மாதிரியே வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார். அப்பா, "தண்ணி கொண்டாம்மா" என்றார். இனி என் முறை. தெரியாதவள் மாதிரி நடிக்க வேண்டிய இடம் இது. தங்கச்சி கையில் செம்பைக் கொடுத்து, அவர் காதில் விழுகிற மாதிரி, "அந்த வெங்காய யாவாரிக்குத் தண்ணி குடு. எந்த ஊர்னு கேட்டுக்க" என்றேன். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அவர் பதிலுக்காக நின்றேன். என் துணிப்பை கட்டியாகி மூலையில் தயாராக இருந்தது.

செம்பைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. "வாரேன் மாமா" என்றார். என் அப்பா வெள்ளந்தி. விசேஷ வீட்டுக்கு என்றதும் ஒரு மூட்டை வெங்காயத்தைத் தூக்கிவந்து பஸ் மேலே ஏற்றிவிட்டார். அவர் அந்த மூட்டையோடு போய்ச் சேர்ந்தார். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பஸ் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கு அடுத்த வாரமும் பார்த்தேன். படமாக இருந்தால் அவன் மறுபடி வந்திருப்பான்.

அதற்குள் நான் உண்டாகியிருப்பது வீட்டில் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கூடினார்கள். "என்னதாம்பா சண்ட?" என்று கேட்டார்கள். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சினிமா பார்த்துவிட்டு வீட்டில் வேஷம் கட்டி விளையாடினோம் என்றா? ஊர் கைகொட்டிச் சிரிக்காதா? நாங்கள் வாயைத் திறக்காததால் பெரியவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். சினிமா ஒரு குற்றம், என் வாய் ஒரு குற்றம்.

தட்டில் சூடம் ஏற்றினார்கள். எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. மீறினால் வீட்டில் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அவர், இனி சினிமாவுக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று அணைத்தார். மறுபடி ஏற்றினார்கள். நான், இனி எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அணைத்தேன். வயிற்றில் மூன்று மாதப் பிள்ளை. எல்லாரும் திருப்தியாக வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கே அவரோடு திண்டுக்கல் வந்தேன்.

கோபம் இரண்டு பேருக்கும் எப்போதோ போய்விட்டிருந்தது. அவர் சாயங்காலம் வந்தால், "வந்துட்டீகளா" என்பேன். "ம்" என்பார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது செத்த நேரம் கூடுதலாக நிற்பார். ஏதோ சொல்ல வருவது போல இருக்கும். என் கை வயிற்றுக்குப் போகும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

மகள் பிறந்து வருஷம் ஒன்று ஆனது. ஒருநாள் சாயங்காலம் அவர் வாசலில் நனைந்துபோய் வந்து நின்றார். எனக்கு என்ன பிடித்ததோ, "மழைக்கு ஒதுங்க வந்த ஆளா? அங்கனயே நில்லுங்க, வீட்டுக்காரர் வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். "அந்த ஆளு எப்படி? அடிப்பாரா?" என்றார். "அடிக்க மாட்டாரு. வெங்காயம் வாங்குவாரு" என்றேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு ஒங்கப்பா வீட்டுல நீ சொன்னது வெளையாட்டா?"

"பின்ன?"

"நெசமாவே என்னைய வேண்டாம்னுட்டன்னுல்ல நெனச்சேன். அம்புட்டு தூரமும் பஸ்ஸுல அழுதுக்கிட்டு வந்தேன்."

தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளையும் எங்களைப் பார்த்துச் சிரித்தது. அன்று சமைக்கும்போதும் பேசினோம், சாப்பிடும்போதும் பேசினோம்.

இரண்டாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். அனலாகக் கொதித்தது, கண் சொருகியது, கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள். மாமியார் வந்து கட்டிலோரம் நின்று, "சூடத்த அணச்சீங்களே, அத மீறுனீங்களா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்று நனைந்த சட்டையோடு அவர் பிள்ளையைத் தூக்கினதால் வந்த காய்ச்சலாக இருக்கலாம், தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்த காய்ச்சலாகவும் இருக்கலாம். டாக்டர் அப்படித்தான் சொன்னார். டாக்டர் சொன்னதை அறிவு ஒப்புக்கொண்டது. வயிறு ஒப்புக்கொள்ளவில்லை.

பிள்ளை பிழைத்துவிட்டது. எங்கள் பேச்சு பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. அரிசி இல்லை, மழை வரும்போல் இருக்கிறது, பிள்ளைக்கு நோட்டு வேண்டும். இவ்வளவுதான் பேச்சு. ஒரே வரிசையில் ஆறு குடித்தனம் இருந்த இடம். "புருசன் பொண்டாட்டின்னா அவுகளப் பாருங்க. ஒரு சத்தம் உண்டா?" என்று தண்ணீர் எடுக்கிற இடத்தில் எங்களைக் காட்டிப் பேசுவார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். கேட்கக் கேட்க எரிச்சலாக வரும்.

மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது கடைசி வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் குடிவந்தார்கள். அந்தப் பெண் புருஷனைப் பேச்சில் வறுத்தெடுப்பாள். அவன் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேட்கும். நான் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பேன். வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களை எங்கள் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "நீங்களே ரெண்டு நல்ல வார்த்த சொல்லுங்க அண்ணே. ஒங்கள மாதிரி வாழக் கத்துக்கட்டும்" என்றாள்.

நான் அடுப்படியில் இருந்தேன். அவர் பாயை எடுத்து விரிப்பது தெரிந்தது. பிறகு அவர் குரல் கேட்டது.

"அவுகள விட்டுருங்கம்மா. அவுக நல்லாத்தான் இருக்காக. நாங்கதான் சண்ட போடாம இருந்து கெட்டுப்போனோம்."

வீட்டுக்காரம்மா என்னவோ முணுமுணுத்துக்கொண்டு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணீர் கண்ணை மறைத்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். எட்டு வருஷமாக நான் மட்டும்தான் தவித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். வெளியே போய் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. எதைச் சொன்னாலும் சரி, அவர் பதில் சொல்லியிருப்பார். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மகள் பலகையைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். பக்கத்தில் அவரும் வந்து உட்கார்ந்தார். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார், காத்திருந்தார். நான் மகளைப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டு, காய்ச்சல் ஏதுமில்லாமல் நன்றாக இருந்தாள்.

அவர் தட்டில் பொரியலை வைத்துக்கொண்டே, "வெஞ்சனம் இன்னுங்கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டேன்.

"போதும்" என்றார்.