எடை மேடையின் டி டிரைவ்

மரக்காணத்தில் உப்பளத்திலிருந்து வரும் லாரிகளை எடை போடும் மேடை ஒன்றில், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது என் சித்தி மகள். நான் புதுச்சேரியில் ப்ரோக்ராம் எழுதுகிற வேலையில் இருப்பதால், அந்த மெஷினுக்குத் தும்மல் வந்தால்கூட எனக்குத்தான் போன் வரும்.

"அண்ணா, விர்ச்சுவல் மெமரி கம்மின்னு சொல்லிட்டு அப்படியே நின்னுடுது. லாரிக்காரங்க கத்துறாங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். மெமரி போதாதபோது கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு அதையும் மெமரிபோலப் பயன்படுத்தும். அந்த ஃபைல் இருந்த சி டிரைவில் இடமே இல்லை. டி டிரைவ் காலியாகக் கிடந்தது. அங்கே மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். செட்டிங்ஸைத் திறந்தாலே மெஷின் நின்றுபோனதால், மாற்றத்தைச் செய்யச் சில கட்டளை வரிகளை ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி ஓட்டினேன். எந்த எர்ரரும் இல்லை. ரீஸ்டார்ட் செய்தேன்.

அந்த ஃபைலின் அமைப்பில் கோளாறு, தற்காலிகமாக வேறொன்றை வைத்திருக்கிறேன் என்று திரையில் வந்தது. என்ன கோளாறு என்று மட்டும் சொல்லவில்லை.

நான் கொடுத்த டிரைவ் பெயரையும் அளவையும் மெஷினிலிருந்து திரும்பப் படித்துப் பார்த்தேன். கொடுத்தபடியே இருந்தது. ஃபைலின் அளவைக் குறைத்தேன், கூட்டினேன். ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் சரி என்றது. ரீஸ்டார்ட் ஆனதும் மெஷின் தப்பு என்றது. தினமும் நான் செய்கிற வேலைதான் இது. ஆனால் அன்றைக்கு நான் எழுதிய வரிகளே யாரோ எழுதியதுபோல் தெரிந்தன.

"ஏம்பா, இன்னும் எவ்ளோ நேரம்?" என்று வெளியே ஒரு டிரைவர் குரல் கொடுத்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

தங்கை மேஜைக்குப் பின்னால் குனிந்தாள். "அண்ணா, இந்தப் பொட்டிய கழட்டிட்டு என் போனை சார்ஜ்ல போடட்டா?"

"எந்தப் பொட்டி?"

எட்டிப் பார்த்தேன். யுஎஸ்பி வயரில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். அதுதான் டி டிரைவ்! கழற்றி எடுத்துப் போகக்கூடிய டிஸ்கில் அந்த ஃபைலை வைக்க மெஷின் சம்மதிக்காது. அப்படியானால், நான் எழுதியபோது ஏன் மறுக்கவில்லை? எழுதுவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், ரீஸ்டார்ட் ஆகி அதைப் படிக்கிறபோதுதான் மெஷின் கேள்வி கேட்கும் போலிருக்கிறது. அன்று அதுவும் எனக்குத் தெளிவாகப் புரியவில்லை.

லாரி மேடையில் ஏறும்போதெல்லாம் கேமரா எடுத்த படங்கள்தான் சி டிரைவை அடைத்திருந்தன. அவற்றை வெளி டிஸ்குக்கு நகர்த்தினேன். ஸ்கிரிப்டில் டி இருந்த இடத்தில் சி என்று மாற்றி ஓட்டினேன். ரீஸ்டார்ட் ஆனது. ஒரு புகாரும் வரவில்லை. இந்த அமைதியையும் நான் நம்பவில்லை. இரண்டு லாரிகள் எடை போட்டு இறங்கும்வரை அங்கேயே நின்றேன்.

"இன்னாப்பா ரிப்பேரு?" என்று அந்த டிரைவர் கேட்டார்.

"விர்ச்சுவல் மெமரின்னு ஒண்ணு இருக்குங்க..." என்று தொடங்கினேன்.

"இடம் பத்தலங்க" என்றாள் தங்கை, அவரிடம் எடைச் சீட்டை நீட்டியபடி.