பிப்ரவரி முப்பதில் பிறந்த எழுத்தாளர்

நான் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டைக் காட்டினால் கோளாறு எங்கே என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவேன். என் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக இருந்த ஒரு கோளாறு மட்டும் என் கண்ணில் படவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், சரிதான்.

என் மனைவி ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் கணினி சொல்லிக்கொடுக்கிறாள். நாளைக்கு டீச்சராகப் போகிறவர்கள் வருஷத்துக்கு முப்பது பேர் அவளிடம் வருவார்கள். ஒவ்வொருவரும் குழந்தைகளுக்காக எழுதும் ஓர் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்து, அவரைப் பற்றி ஒரு வலைப்பக்கம் செய்ய வேண்டும். அதனால் அவளுக்கு அங்கே 'பக்கம் மேடம்' என்று பெயர். அது தனக்குத் தெரியாது என்றே அவள் இன்றுவரை காட்டிக்கொள்கிறாள்.

அவளுடைய கணினி அறையை நான் பார்த்திருக்கிறேன். இருபது கணினிகள், அதில் இரண்டு அலங்காரத்துக்கு. ஜன்னலோரக் கணினியில் ஸ்பேஸ் பட்டன் வேலை செய்யாது. அதில் உட்கார்ந்தவர்கள் செய்த பக்கங்களில் எழுத்தாளரும் அவருடைய ஊரும் புத்தகமும் ஒரே வார்த்தையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு பெண் சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்து, ஓரமெல்லாம் நட்சத்திரங்களை மினுக்கவிட்டிருந்தாள். "இது பக்கமா, பலூன் கடையா? எட்டு வயசுப் பிள்ளை இதுல எதைப் படிக்கும்?" என்று இவள் கேட்டாளாம். அந்தப் பெண் மறுநாள் நட்சத்திரங்களை எடுத்துவிட்டு நிலாக்களை வைத்துக்கொண்டு வந்தாள்.

இவளுக்கு இரண்டு விதிகள் உண்டு. கையில் எடுத்துப் படிக்காத புத்தகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது. கதையின் முடிவைச் சொல்லவே கூடாது. முடிவைச் சொல்லிவிட்டால் எந்தப் பிள்ளை புத்தகத்தைத் தேடிப் போகும் என்பாள்.

முதல் வருஷம், உண்மையான ஓர் எழுத்தாளரை வைத்து மாதிரிப் பக்கம் ஒன்று செய்து காட்டினாள். முப்பது பேரும் அதே எழுத்தாளரை, அதே வரிகளில் செய்துகொண்டு வந்தார்கள். அவள் அவசரத்தில் விட்ட ஓர் எழுத்துப்பிழைகூட முப்பது பக்கத்திலும் பத்திரமாக இருந்தது. ஈயடிச்சான் காப்பி என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன் என்று வந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இல்லாத ஓர் எழுத்தாளரை உருவாக்க உட்கார்ந்தாள். இல்லாதவரை யார் காப்பியடிக்க முடியும்? நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் கருவிப் பையோடு ஆமை மாதிரி படியேறிய கதையைப் புலம்பிக்கொண்டிருந்தேன். அது அப்படியே அந்த எழுத்தாளரின் புத்தகமாகிவிட்டது. 'மாடி ஏறிய ஆமை'. லிஃப்ட் பழுதான கட்டடத்தில், ஐந்தாவது மாடியில் இருக்கும் நண்பனைப் பார்க்க ஓர் ஆமை ஏறத் தொடங்குகிறது. எந்த மாடியில் நின்றது, ஏன் நின்றது? புத்தகத்தைத் தேடிப் படியுங்கள் என்று பக்கத்தில் முடித்தாள். பிறந்த தேதி என்ற இடத்தில் பிப்ரவரி முப்பது என்று அடித்தாள்.

"பிப்ரவரிக்கு ஏது முப்பது?" என்றேன்.

"கண்டுபிடிக்கிறாங்களான்னு பாக்கறேன். கண்டுபிடிக்கிறவங்களுக்கு முழு மார்க்கு."

பதினோரு வருஷம் காத்திருந்தாள். முந்நூற்று முப்பது பேரில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் கடைசி வகுப்பில் அவளே குட்டை உடைப்பாள், எல்லோரும் தலையில் கைவைத்துச் சிரிப்பார்கள். அந்த முழு மார்க் மட்டும் அப்படியே இருந்தது.

எழுத்தாளருக்கு ஒரு முகம் வேண்டுமே. ஆல்பத்தைப் புரட்டி என் அக்காவின் படத்தைப் போட்டுவிட்டாள். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் தடித்த பதிவேடு, இந்த உலகத்தையே திருத்தி எழுதப்போவதுபோல ஒரு பார்வை. எழுத்தாளர் என்றால் யாரும் நம்புவார்கள். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாள், கேட்காவிட்டால் தெரியவே தெரியாது என்று நான்தான் யோசனை சொன்னேன். என் யோசனைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அக்கா எங்களோடுதான் இருக்கிறாள், எங்களுக்குக் கல்யாணமான மறுவருஷத்திலிருந்து. தபால் நிலையத்தில் பார்சல் கவுன்ட்டரில் வேலை. யார் எதைக் கேட்டாலும் "வெள்ளிக்கிழமை பாக்கலாம்" என்பது அவள் வாயில் ஊறிப்போன பதில். அவளுக்கும் என் மனைவிக்கும் நடுவே சண்டை கிடையாது. சிரிப்பும் கிடையாது. சாப்பிட்டீங்களா அண்ணி, ஆச்சு. கதவைப் பூட்டிட்டியா, பூட்டிட்டேன் அண்ணி. இரண்டு பேரும் நல்லவர்கள் என்பதால் இதில் சரிசெய்ய ஒன்றுமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் எப்ப ஆமைக் கதை எழுதினேன்?" என்றாள்.

நடந்தது இதுதான். போன வருஷம் என் மனைவியிடம் படித்த பெண் ஒருத்தி, நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தாள். கடைசி வகுப்பன்று காய்ச்சலில் படுத்திருந்தவள் அவள். அதனால் அந்த எழுத்தாளர் உண்மை என்றே நம்பி, பக்கத்தைத் தன் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறாள். அவர்களுக்கு ஆமைமேல் பைத்தியம் பிடித்துவிட்டது. அன்றைக்குத் தபால் நிலையத்தைச் சுற்றிப்பார்க்க வகுப்பையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பார்சல் கவுன்ட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் சாட்சாத் எழுத்தாளரே உட்கார்ந்திருக்கிறார்.

"முப்பது பிள்ளைங்க கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு, ஆமை எங்க நின்னுச்சு, ஆமை எங்க நின்னுச்சுன்னு கேக்குதுங்க. பின்னாடி க்யூ நிக்குது. எங்க ஸ்கூலுக்கு வருவீங்களான்னு அந்தப் பொண்ணு கேட்டா. வெள்ளிக்கிழமை பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

என் மனைவி படத்தைப் பற்றிய உண்மையைச் சொன்னாள். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குள் போன் அடித்தது. அந்தப் புது டீச்சர்தான். "மேடம், நம்ம எழுத்தாளர் இந்த ஊர்லயே இருக்காங்க. வெள்ளிக்கிழமை வர்றதா சொல்லியிருக்காங்க. ஹெச்.எம். பேரன்ட்ஸையெல்லாம் கூப்பிட்டுட்டாங்க. இந்த மாசம்தான் என்னை நிரந்தரம் பண்றதா இல்லையான்னு முடிவு பண்றாங்க. நல்ல நேரம் மேடம்."

இவள் உண்மையைச் சொன்னாள். அந்தப் பக்கம் அழுகை. "ஹெச்.எம். கேட்டப்ப, அந்தப் புத்தகத்தை நான் படிச்சிருக்கேன்னு சொல்லிட்டேன் மேடம்."

போனை வைத்துவிட்டு இவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்கா போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரட்டுமே, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். என் யோசனைகளைப் பற்றி முன்பே சொன்னேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா? ஸ்டாம்ப் ஒட்டாத கவரையே நான் வாங்க மாட்டேன்" என்றாள் அக்கா.

"உண்மையைச் சொன்னா அந்தப் பொண்ணு வேலை போயிடும்" என்றாள் என் மனைவி. "சொல்லலைன்னா, பதினோரு வருஷமா நான் சொல்லிக்கொடுத்த எல்லாம் போயிடும்." அக்காவிடம் திரும்பினாள். "நானே போய் உண்மையைச் சொல்லிடறேன். நீங்களும் வர்றீங்களா அண்ணி? வரணும்னு இல்ல."

"வர்றேன்னு சொன்ன இடத்துக்குப் போய்த்தானே ஆகணும்" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். மூன்றாம் வகுப்பின் குட்டி நாற்காலிகளில் பெற்றோர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் தரையில். சுவரெல்லாம் ஆமைப் படங்கள், பச்சை ஆமை, ஊதா ஆமை, செருப்புப் போட்ட ஆமை. தலைமை ஆசிரியை கடைசி வரிசையில் கைகட்டி நின்றார். புது டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை.

என் மனைவி பக்கத்தைத் திரையில் போட்டாள். "இவங்க என் நாத்தனார். எந்தப் புத்தகமும் எழுதல. இந்த எழுத்தாளரை நான்தான் கற்பனை பண்ணினேன். தப்பு என்னுது, உங்க டீச்சரோடது இல்ல" என்றாள்.

ஒரு பையன் "அப்ப ஆமை?" என்றான். இரண்டு குழந்தைகள் அழத் தயாரானார்கள்.

"இந்தப் பக்கத்துல ஒரு பெரிய பொய்யை வேணும்னே வெச்சிருக்கேன். பெரியவங்க முந்நூத்தி முப்பது பேர் பாத்துட்டாங்க, யாருக்கும் தெரியல. நீங்க தேடிப் பாருங்க" என்றாள்.

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி கையைக்கூடத் தூக்கவில்லை. "பிப்ரவரி முப்பது" என்றாள். "நான் அன்னைக்கே சொன்னேன். எழுத்தாளர் பக்கத்துல தப்பு இருக்காதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

அத்தனை தலைகளும் புது டீச்சர் பக்கம் திரும்பின. என் மனைவி அவளைக் காப்பாற்ற வாயைத் திறந்தாள். அதற்குள் அவளே முன்னால் வந்துவிட்டாள்.

"ஆமா, நீ சொன்ன. நான் காலண்டரைப் பாத்திருக்கணும், பாக்கல. சாரி." பிறகு கடைசி வரிசையைப் பார்த்தாள். "இன்னொண்ணும் இருக்கு மேடம். அந்தப் புத்தகத்தைப் படிச்சேன்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

அந்த நேரத்தில் முன்பல் இல்லாத சிறுமி எழுந்து அக்காவின் எதிரே போய் நின்றாள். இவ்வளவு நடந்தும் அவளுக்கு ஒரே கவலைதான். "ஆமை எந்த மாடில நின்னுச்சு?"

வெள்ளிக்கிழமை வா என்று அக்கா சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

அக்கா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். "மூணாவது மாடி. அதுக்குள்ள லிஃப்ட்டு சரியாயிடுச்சு. மிச்சத்துக்கு லிஃப்ட்ல போயிடுச்சு. அதோ நிக்கிறானே என் தம்பி, அவன்தான் ரிப்பேர் பண்ணினது."

முப்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்த மாதிரி என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்ததில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அழத் தயாரான இரண்டு பேரும் சேர்த்து. லிஃப்டுக்குள் ஆமைக்குப் பட்டன் எட்டுமா என்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கால் மணி நேரம் பதில் சொன்னேன்.

வெளியே வரும்போது தலைமை ஆசிரியை என் மனைவியிடம் சொன்னார். "பொய் சொன்னதுல எனக்குக் கோபம்தான். ஆனா முப்பது பிள்ளைங்க முன்னாடி நின்னு நான் தப்பு பண்ணினேன்னு சொல்ற டீச்சரை நான் வேற எங்க போய்த் தேடுவேன்? வேலை அவளுக்குத்தான்." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஒரு காலண்டர் மட்டும் வாங்கிக்கொடுத்துடறேன்."

இவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். சந்தோஷம்தான். பதினோரு வருஷமாக வைத்திருந்த முழு மார்க்கை எட்டு வயசுப் பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டாளே.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தாள். "உங்க படத்தை எடுத்துடட்டுமா அண்ணி?" என்று கேட்டாள்.

அக்கா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்படி அவர்கள் இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "எதுக்கு எடுக்கணும்? இருக்கட்டும். உள்ளதை உள்ளபடி போடு."

இவள் அடித்தாள். படத்தில் இருப்பவர் எழுத்தாளர் அல்ல. தபால் நிலையத்தில் பார்சல் கவுன்ட்டரில் வேலை செய்கிறார். அடுத்த வரிக்கு வந்ததும் விரல்கள் நின்றுவிட்டன. பிறந்த தேதி.

இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறோம். இவளுக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூடப் பிறந்தவன் நான், எனக்கு மாசம்கூட நினைவுக்கு வரவில்லை. பிப்ரவரி முப்பதைக் கண்டுபிடிக்காத முந்நூற்று முப்பது பேரைப் பார்த்துச் சிரித்த வீடு இது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"உங்க பிறந்த நாள் என்னைக்கு அண்ணி?" என்றாள் இவள், மெதுவாக.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்து" என்றாள்.

நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

"எங்கடா கிளம்பிட்ட? அதான் நேத்தே முடிஞ்சுபோச்சே" என்றாள் அக்கா.

"முடியல அண்ணி" என்றாள் என் மனைவி. "பக்கத்துல உங்களுக்கு இன்னும் பிப்ரவரி முப்பதுதான். அது எந்த நாள்லயும் இல்லைல்ல? இன்னைக்கு வெச்சுக்கலாம்."

அக்கா அவளையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என்னிடம், "சின்னதா வாங்கிட்டு வா, போதும்" என்றாள்.

நான் ஒரு கிலோ கேக் வாங்கிக்கொண்டு வந்தேன்.