பேர் போடாத பேட்டி

நாற்பத்தெட்டு வயதில், தொப்பையும் தைராய்டு மாத்திரையுமாக, இளம்பெண்களுக்கான இணையச் செய்தித்தளம் ஒன்றுக்கு நாகர்கோவில் நிருபர் ஆனேன். இருபது வருடம் செய்தித்தாளில் விபத்தும் வெள்ளமும் எழுதியவனுக்கு வேறு யாரும் வேலை தரவில்லை. சென்னையிலிருந்த ஆசிரியைக்கு வயது இருபத்தாறு. "லிப்ஸ்டிக் பத்தியெல்லாம் எழுதச் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க சார்" என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்.

முதல் உருப்படியான பேட்டி, களியக்காவிளையில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது. அவள் நர்சிங் படிக்கிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். படிப்பை நிறுத்தி எட்டு மாதமாகியிருந்தது. தினமும் கல்லூரிக்குப் போன அதே பஸ்ஸில் ஏறிக் கடைக்கு வந்துகொண்டிருந்தாள்.

"சாரே, எனக்க பேரு போடப்பிடாது. போட்டோவும் வேண்டாம். அப்பாக்குத் தெரிஞ்சா தீந்துது."

"போடமாட்டேன் மோளே" என்றேன்.

போடவில்லை. பேரை விட்டுவிட்டு, செய்தித்தாள் பழக்கத்தில் மீதி எல்லாவற்றையும் போட்டேன். ஊர், சிலுவை நட்ட குருசடிக்கு எதிர்வீடு, தகப்பனார் படகு என்ஜின் மெக்கானிக், மூன்று பெண்களில் நடு. (இங்கே எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பட்ட பிறகு வந்த புத்தி.)

மதியம் பேட்டி தளத்தில் வந்ததும் பெருமையாக மனைவியிடம் போனை நீட்டினேன். அவள் பிறந்தது அந்தப் பெண்ணின் ஊருக்கு அடுத்த ஊர். இரண்டு பத்தி வாசித்தாள்.

"இது அந்த என்ஜின்காரருக்க நடு மோவல்லா? நேர்சிங் படிக்கான்னுல்லா சொன்னாவ?"

"நான்தான் பேரே போடலியே!"

"அந்தப் பிள்ளைக்க பேரு எனக்கு இப்பவும் தெரியாது. நம்ம ஊர்ல பேர வச்சா ஆளு கண்டுபிடிக்காவ?"

அந்தப் பெண்ணுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சீட் காலியாக இருந்தும் உட்கார முடியவில்லை. செய்தித்தாளில் தப்பு செய்தால் மறுநாள் காலை வரை மூச்சுவிடலாம். இங்கே ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் பகிர்ந்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. போனில் சொன்னதும் ஆசிரியை உடனே திருத்திவிட்டார். "ஆனா ஸ்கிரீன்ஷாட் சுத்துது சார்" என்றார். மார்த்தாண்டத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். அவர் ஊதி ஊதிக் குடித்ததை என் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன்.

கடைக்கு நான் போனபோது, கிரீஸ் கறையுள்ள சட்டையோடு ஒருவர் வாசலில் நின்றார். அவள் லென்சைக் கண்ணில் மாட்டியபடி குனிந்திருந்தாள்.

"சார்தான் எழுதினதா?" என்றார்.

"ஆமா. பேரு போடல..."

"பேரு போடாம ஒளிச்சு வைக்கதுக்கு எனக்க மோவ என்ன களவாண்டாளா? எட்டு மாசமா நேர்சு நேர்சுன்னு கண்டவனிட்டல்லாம் சொல்லிட்டு நடந்தேன். இண்ணைக்கு சர்ச்சுக்கு முன்ன வச்சு நாலு பேரு எனக்குப் படிச்சுக் காட்டுதானுவ."

அவள் லென்சைக் கழற்றினாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஈஸ்டருக்கு நானே அப்பாட்ட சொல்லணும்னு இருந்தேன் சாரே. எப்பிடிச் சொல்லணும்னு ஒரு மாசமாட்டு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அத நீங்க சொல்லிப்போட்டியள்."



"கடையப் பூட்டிட்டு வா ஏட்டி" என்றார் அவர்.

"ஆறு மணி வரை வேல உண்டுப்பா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. ஸ்டூலை வாசலுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நான் நின்றேன்.