தமிழ் டாக்டரின் வரிசை

எழுபதுகளில் ஹைதராபாதில் எங்களுக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்த வருஷமே எனக்குத் தும்மலும் வந்து சேர்ந்தது. காலையில் வாசல் தெளிக்கக் குனிந்தால் நிமிர்வதற்குள் மூக்கும் கண்ணும் ஒழுகும். காலனி டிஸ்பென்சரியில் இரண்டு டாக்டர்கள். தெலுங்கு டாக்டரம்மாவின் அறை வாசல் காலியாகக் கிடக்கும். தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் தமிழ் டாக்டரின் வரிசையில்தான் கால் கடுக்க நிற்போம். வலியைக்கூடச் சொந்த பாஷையில் சொன்னால்தான் எங்களுக்குத் திருப்தி.

அவர் தந்த அலர்ஜி மாத்திரையில் தும்மல் அடங்கியது. நவராத்திரிக்கு அவர் வீட்டுக்குத் தூக்கு நிறையச் சுண்டல் கொடுத்தனுப்பினேன்.

அதன்பின் கொஞ்ச நாளில் சோற்றைக் கண்டாலே குமட்டியது. கண் மஞ்சளானது. காமாலை, நான் வெளியில் கண்டதைத் தின்றிருப்பேன் என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தும்மல் மாத்திரையை மட்டும் விடக்கூடாதாம். ஸ்டேஷன் வாசல் மிர்ச்சி பஜ்ஜியை நான் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. சத்தியம் செய்தும் என் கணவர் நம்பவில்லை. கீழாநெல்லியும் உப்பில்லாத மோர்சாதமுமாகக் கிடந்தேன், அந்த மாத்திரையையும் வேளை தவறாமல் விழுங்கிக்கொண்டு. எழுந்து நிற்க முடியாமல் போனபிறகுதான் ஊருக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டு, உடனே அதை நிறுத்தினார்கள். ஈரலைக் கெடுத்தது அந்த மாத்திரைதான், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உயிர் போயிருக்கும் என்றார்கள். மஞ்சள் மெல்ல இறங்கியது.

வீடு திரும்பியதும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா பார்க்க வந்தாள். அவளுக்கும் தும்மல், அவளுக்கும் அதே மாத்திரைதான்.

"உங்களுக்குக் கண்ணு மஞ்சளாச்சே, அந்த வாரமே டாக்டர் எனக்கு மாத்திட்டாரே. பழசு நக்கோ, வேண்டாம், இதைப் போடுங்கன்னு வேற குடுத்தார்."

நேரே போய் டாக்டரைக் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதான் மத்தவங்களுக்கு நிறுத்தினேன்."

"எனக்கு?"

"காமாலை வந்த உங்களுக்கும் நிறுத்தினா, மாத்திரையாலதான்னு காலனிக்கே தெரிஞ்சிடும். என் வேலை என்னாகும்? நீங்க நம்ம ஊர்க்காரங்க, புரிஞ்சுக்குவீங்க."

புரியாமல் என்ன? சொந்த பாஷையாயிற்றே, ஒரு சொல் விடாமல் புரிந்தது. எழுந்து கதவைத் திறந்தேன். வெளியே எங்கள் ஆட்களின் வரிசை நீளமாக நின்றது. அதைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனேன். டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்து, வராத தெலுங்கில் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.