பக்கெட்டில் ஆள்

அந்த மாட்டுப் பண்ணையில் லோடர் ஓட்டியவள் அவள் ஒருத்திதான். சாணம் வாருவது, தீவனக் கட்டுகளை அடுக்குவது, சேற்றில் சிக்கிய வண்டியை இழுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. வண்டியின் முன்னால் இருக்கும் அத்தனை பெரிய இரும்புப் பக்கெட்டை, குழந்தைக்குச் சோறூட்டுவது போல அலுங்காமல் நகர்த்துவாள்.

அவளுடைய கொழுந்தன் அதே பண்ணையில் எலக்ட்ரீஷியன். கொட்டகைக் கூரைக்கு ஏணி எட்டாது. அதனால் பல்பு போனால் அவன் பக்கெட்டில் ஏறி நிற்பான், அண்ணி தூக்கிவிடுவாள்.

"மெதுவா அண்ணி, நான் தீவனக் கட்டு இல்ல."

"கட்டா இருந்தா வாய் பேசாது."

இப்படியே வருடங்கள் ஓடின. அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் கூரைத் தகடு ஒன்று கழன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மழை வருவதற்குள் திருகிவிடச் சொன்னார் முதலாளி. கொழுந்தன் ஏறினான், அவள் தூக்கினாள். தண்ணீர்த் தொட்டி கசிந்து ஓரத்து மண் ஊறிப்போயிருந்ததைப் புல் மறைத்திருந்தது. லோடரின் முன்சக்கரம் ஒரு பக்கமாக இறங்கியது. கீழே அது சின்னச் சரிவுதான். மேலே பக்கெட் ஒரேயடியாகச் சாய்ந்தது. அவள் நிமிர்த்தப் பார்ப்பதற்குள் அதில் ஆள் இல்லை.

கொட்டகையை ஒட்டிய சிமெண்ட் தரையில் விழுந்தவனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு குதிகால் நொறுங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "விசாரிக்க ஆபீசர் வருவாரு. ஏணியிலருந்து விழுந்தான்னு சொல்லிடும்மா. எல்லாருக்கும் நல்லது."

உள்ளே கட்டிலில் கிடந்த கொழுந்தனும் அதையே சொன்னான். "ஓட்டினது நீங்க. கேஸ் உங்க மேலயும் வரும். ஏணின்னே இருக்கட்டும் அண்ணி."

"ஏணின்னா, நீ ஏறத் தெரியாம விழுந்ததா ஆயிடும். அதையும் உன் தலையில கட்டணுமா?"

அவள் கணவன் தம்பிக்கு ஸ்பூனால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தான்.

பாதுகாப்பு ஆய்வாளர் பண்ணைக்கு வந்தபோது, தான்தான் தூக்கியதாகவும், அது வழக்கமாக நடப்பதுதான் என்றும் சொன்னாள். முதலாளி தரையைப் பார்த்தார்.

ஆய்வாளர் லோடரைச் சுற்றி வந்தார். "இது சரக்கு தூக்குற வண்டி. பக்கெட்ல ஆளை ஏத்துறதைச் சட்டம் அனுமதிக்கல. ஆளைத் தூக்க அதுக்குன்னே லிஃப்ட் இருக்கு. அது கிடைக்காத அவசரத்துக்கு மட்டும், இந்த வண்டிக்குன்னு செஞ்ச கம்பிக் கூண்டை மாட்டித் தூக்கலாம். பல்பு மாத்துறது அவசரம் இல்ல."

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலியே சார்" என்றார் முதலாளி.

"ஆகியிருந்தா அப்பவே வந்திருப்பேன்."

முதலாளிக்கு அபராதம் விழுந்தது. அவளுக்கு எச்சரிக்கை; முறையாகப் பயிற்சி எடுத்துத் தேறும்வரை லோடரைத் தொடக்கூடாது. அதுவரை பால் கேன் கழுவினாள். முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. கழுவும்போது சில சமயம் வலது கை தானாக லீவரைத் தேடும். அப்போது கேனைக் கவிழ்த்துவிட்டுச் சற்று நேரம் நிற்பாள்.

கொழுந்தன் தடியூன்றி நடக்க ஆரம்பித்ததும் மோட்டார் அறையில் வேலை கொடுத்தார்கள். அவளும் தேர்வில் தேறி மறுபடி லோடரில் உட்கார்ந்தாள்.

சில மாதம் கழித்து, கொட்டகைக்கு வர்ணம் பூச வந்த பெயிண்டர் பக்கெட்டில் ஒரு காலை வைத்துவிட்டு, "கொஞ்சம் தூக்கிவிடுங்கக்கா, ஒரு நிமிஷ வேலை" என்றார்.

"விழறதுக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது. காலை எடுங்க."

எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள். முதலாளி முணுமுணுத்தபடியே ஆளைத் தூக்கும் லிஃப்டை வாடகைக்கு அனுப்பச் சொல்லிப் போன் செய்தார்.

மறுநாள் அது வந்தது. கொழுந்தன் தடியோடு வந்து நின்று, பாதுகாப்புப் பெல்ட்டைச் சரியாக மாட்டியாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பெயிண்டருக்கு எரிச்சலாக இருந்தது.